போர்ஷே 911 ஜிடி3, ஜிடி3 ஆர்எஸ்: டிராக்கில் உண்மையிலேயே எவ்வளவு வித்தியாசம்?

கேள்வி இதுதான்: "இரண்டு வண்டிக்கும் எஞ்சின் ஒன்று, பவரும் கிட்டத்தட்ட ஒன்று. அப்புறம் டிராக்கில் ஆர்எஸ் மட்டும் இவ்வளவு முன்னால் போவது எப்படி? நம்மூர் டிராக்குகளிலும் அந்த வித்தியாசம் தெரியுமா?"

நான் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வீல் அலைன்மென்ட் கடை வைத்திருக்கிறேன். 22 வருடமாகக் குழிக்குள் நின்று வண்டிகளின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டிருப்பவன். போர்ஷே வாங்கும் வசதி இந்த ஜென்மத்தில் இல்லை. ஆனால் இந்த இரண்டு வண்டிகளின் டயரிலும் ஒரே நாளில் கை வைத்துச் சூடு பார்த்து, காற்று பிடித்து, இறக்கியிருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

வள்ளியூர்ப் பக்கத்துத் தம்பி ஒருவர் சென்னையில் தொழில் செய்கிறார். ஆடி மாதம் கோயில் கொடைக்குத் தவறாமல் ஊருக்கு வந்துவிடுவார். ஒரு வருடம் ஜிடி3-யிலேயே வந்து இறங்கினார். முன் மூக்கைப் பட்டன் அமுக்கித் தூக்கிக்கொள்ளும் வசதி அந்த வண்டியில் இருந்தது. இருந்தும் அவர் தெருவில் இருந்த வேகத்தடையைத் தாண்ட முடியவில்லை. இரண்டு பக்கமும் பலகை போட்டுத்தான் ஏற்றினார்களாம். மறுநாள் காலை எழுந்து பார்த்தால் ஆச்சி பின்னால் இருந்த இறக்கையில் துண்டைக் காயப் போட்டிருக்கிறாள். "நல்லாத்தான வச்சிருக்கான், கொடிக்கயிறு மாதிரி" என்றாளாம்.

வழியில் ஏதோ பள்ளத்தில் விட்டதில் ஸ்டியரிங் ஒரு பக்கமாக இழுக்கிறது என்று என் கடைக்கு வந்தார். அந்த வண்டிக்குச் சக்கரத்தின் நடுவில் ஒரே ஒரு நட்டுதான். அதற்குத் தனி சாக்கெட் வேண்டும், நீளமான டார்க் ரெஞ்ச் வேண்டும். என்னிடம் இரண்டும் இல்லை. அதனால் சக்கரத்தைக் கழற்றாமல் டோ மட்டும், அதாவது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணத்தை மட்டும், சரிசெய்து அனுப்பினேன். அந்தப் பழக்கத்தில்தான் சில மாதம் கழித்துக் கூப்பிட்டார். "அண்ணாச்சி, இருங்காட்டுக்கோட்டை டிராக்குக்குப் போறோம். கோயம்புத்தூர் பிரண்டு ஆர்எஸ் கொண்டு வாரார். காத்து பாக்க நம்பிக்கையான ஆள் வேணும், வாங்களேன்." விடுவேனா?

சரி, கேள்விக்கு வருவோம். நான் சொல்வது 2021-இல் வந்த ஜிடி3-யையும் 2022-இல் வந்த ஆர்எஸ்ஸையும் பற்றி. இரண்டிலும் டர்போ இல்லாத 4 லிட்டர், ஆறு சிலிண்டர் எஞ்சின். இரண்டும் 9,000 சுற்று வரை கத்தும். ஜிடி3-க்கு 510 குதிரைத்திறன், ஆர்எஸ்ஸுக்கு 525. எடையைப் பாருங்கள்: ஆட்டோமேட்டிக் கியர் வைத்த ஜிடி3 1,435 கிலோ, ஆர்எஸ் 1,450 கிலோ. 15 குதிரை கூடுதல், 15 கிலோவும் கூடுதல். எங்கள் கடைப் பையன் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ கணக்கு சரியாப் போச்சே அண்ணாச்சி" என்றான். ஏறக்குறைய அப்படித்தான். நேர் ரோட்டில் விட்டால் ஆர்எஸ் பின்தங்கவே செய்யும். அதன் உச்ச வேகம் மணிக்கு 296 கிலோமீட்டர். அதே ஆட்டோமேட்டிக் கியர் ஜிடி3 318 வரை போகும்.

ஆனால் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் என்று மலைக்காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் டிராக் இருக்கிறது. ஒரு சுற்று 20.832 கிலோமீட்டர். அங்கே லார்ஸ் கெர்ன் ஓட்டிய ஜிடி3 எடுத்த நேரம் 6 நிமிடம் 59.927 விநாடி. 2022 அக்டோபரில் யோர்க் பெர்க்மைஸ்டர் ஆர்எஸ்ஸை ஓட்டி 6 நிமிடம் 49.328 விநாடியில் முடித்தார். பத்தரை விநாடிக்கு மேல் வித்தியாசம். சராசரி வேகமாகப் போட்டுப் பார்த்தேன்: ஜிடி3 மணிக்கு சுமார் 178.6, ஆர்எஸ் 183.2. நேர் ரோட்டில் 22 கிலோமீட்டர் வேகம் குறைந்த வண்டி, முழுச் சுற்றில் நாலரை கிலோமீட்டர் வேகம் கூடுதலாக வருகிறது. அப்படியானால் அந்த நேரம் முழுக்க வளைவிலும் பிரேக்கிலும் கிடைத்ததுதான்.

அங்கே என்ன கிடைக்கிறது? காற்று.

இதை எங்கள் ஊர்க்காரனுக்கு விளக்குவது சுலபம். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அந்த மாதத்தில் நாகர்கோவில் ரோட்டில் பணகுடி, காவல்கிணறு தாண்டி முப்பந்தல் பக்கம் கார் ஓட்டிப் பாருங்கள். கணவாய் வழியாக வரும் காற்று வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். 100-க்கு மேலே போனால் ஸ்டியரிங் லேசாகிவிட்ட மாதிரி, முன்சக்கரம் ரோட்டை விட்டுவிட்ட மாதிரி ஒரு உணர்வு வரும். பக்கக் காற்று ஒரு காரணம் என்றால், சாதாரண காரின் உருவமே இன்னொரு காரணம். மேல்பக்கம் வளைந்தும் அடிப்பக்கம் தட்டையாகவும் இருப்பதால், வேகம் கூடக்கூடக் காற்று அதை மேலே தூக்கப் பார்க்கும். விமான இறக்கை செய்யும் அதே வேலை, கொஞ்சம் சின்ன அளவில்.

ஆர்எஸ்ஸில் அந்த இறக்கையைத் தலைகீழாக மாட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் இருப்பது கூரையைவிட உயரமாக நிற்கிறது. முன்பக்கத்திலும் ஓட்டத்திலேயே கோணம் மாறும் சின்ன இறக்கைகள் உண்டு. மணிக்கு 200 கிலோமீட்டரில் காற்று அந்த வண்டியை 409 கிலோ எடையோடு கீழே அமுக்குகிறது. 285-இல் 860 கிலோ. 200-இல் கிடைக்கும் அந்த 409, அதே வேகத்தில் ஜிடி3-க்குக் கிடைப்பதைப்போல மூன்று மடங்கு என்கிறது போர்ஷே.

409 கிலோ என்றால் எட்டு சிமென்ட் மூட்டை. எட்டு மூட்டையை வண்டியில் உண்மையாகவே ஏற்றினால் டயர் ரோட்டை நன்றாகப் பிடிக்கும். ஆனால் அந்த எட்டு மூட்டையையும் சேர்த்துத்தான் வளைக்க வேண்டும், நிறுத்த வேண்டும், இழுக்க வேண்டும். கிடைத்த பிடிப்பு அதிலேயே போய்விடும். காற்று அமுக்குவதில் அந்தச் சிக்கல் கிடையாது. மூட்டையின் பிடிப்பு வரும், மூட்டையின் கனம் வராது. இது ஒன்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும்.

ஓசியில் எதுவும் வராதே. அவ்வளவு பெரிய இறக்கை காற்றை எதிர்த்து நிற்பதால்தான் உச்ச வேகம் 296-இல் நின்றுவிடுகிறது. இதற்கும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நேர்ப்பாதையில் பட்டனை அமுக்கினால் பின் இறக்கையின் மேல்தகடு மட்டமாகப் படுத்துக்கொள்ளும், எஃப்1 வண்டிகளில் இருந்த அதே ஏற்பாடு. வேகத்தில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் தகடுகள் நிமிர்ந்து நின்று காற்றாலும் வண்டியைப் பிடிக்கும்.

எனக்கு இறக்கையைவிடப் பிடித்தது கீழே இருக்கும் வேலை. முன்சக்கரத்துக்கு மேல் பானெட் ஓரத்தில் பட்டை பட்டையாகக் கிழித்து வைத்திருக்கிறார்களே, அது அலங்காரத்துக்கு இல்லை. சுழலும் சக்கரம் மட்கார்டுக்குள் காற்றை அடைத்து மூக்கைத் தூக்கும். அந்தக் காற்று வெளியேற வழி அது. சஸ்பென்ஷன் கைகளைக்கூட நீர்த்துளி வடிவத்தில் செய்திருக்கிறார்கள், உச்ச வேகத்தில் முன் அச்சில் 40 கிலோ கூடுதலாக அமுக்க அதுவும் உதவுகிறது. பிரேக் போட்டால் எந்த வண்டியும் முன்னால் குத்தும். மூக்கு இறங்கிவிட்டால் காற்றுக் கணக்கு முழுவதும் மாறிவிடும் அல்லவா? அதனால் முன்பக்கக் கையின் பால் ஜாயிண்டைக் கீழே இறக்கி, குத்துவதைக் குறைத்திருக்கிறார்கள். தினமும் பால் ஜாயிண்ட் மாற்றுகிற எனக்கு அதன் இடத்தை மாற்றியே இவ்வளவு சாதிக்கலாம் என்று அதுவரை தோன்றியதில்லை.

டயரும் ஒன்றில்லை. ஜிடி3-க்கு முன்னால் 255 மில்லிமீட்டர் அகலம், பின்னால் 315. ஆர்எஸ்ஸுக்கு 275, 335. பிரேக் தட்டு இரண்டுக்கும் முன்னால் 408 மில்லிமீட்டர்தான், ஆர்எஸ்ஸுடையது 2 மில்லிமீட்டர் தடிமன் அதிகம்.

இப்போது கேள்வியின் இரண்டாம் பாதி, நம்மூர் டிராக். நூர்பர்க்ரிங் கணக்கை அப்படியே கொண்டுவந்து, 20 கிலோமீட்டருக்குப் பத்து விநாடி என்றால் இருங்காட்டுக்கோட்டையின் 3.7 கிலோமீட்டருக்கு இரண்டு விநாடி என்று வகுத்துவிடாதீர்கள். காற்றின் அமுக்கம் வேகத்தோடு நேராக ஏறாது, வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். வேகம் பாதியானால் அமுக்கம் கால்வாசி. 200-இல் 409 கிலோ என்றால் 100-இல் சுமார் 100 கிலோ. 60 கிலோமீட்டர் வேகத்தில் திரும்பும் கொண்டை ஊசியில் 37 கிலோதான், பள்ளிக்கூடப் பையன் ஒருவன் ஏறி உட்கார்ந்த மாதிரி. மணிமுத்தாறிலிருந்து மாஞ்சோலைக்கு ஏறும் வளைவுகளில் ஆர்எஸ்ஸை விட்டால் அந்த இறக்கை ஆச்சியின் துண்டு காயத்தான் ஆகும்.

கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் கரி ஸ்பீட்வே இருக்கிறது. சுமார் 2.1 கிலோமீட்டர், நெருக்கமான வளைவுகள். அங்கே ஆர்எஸ் முந்தினாலும் அது அகலமான டயரும் இறுக்கமான சஸ்பென்ஷனும் கொடுத்ததாக இருக்கும், இறக்கைக்குப் பெரிய பங்கு இருக்காது. இருங்காட்டுக்கோட்டை வேறு மாதிரி. 12 வளைவுகளில் பாதி மெதுவானவை. ஆனால் பெரிய நேர்ப்பாதை முடிந்து வரும் முதல் வளைவு, சி1 என்பார்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே விட வேண்டியது. இரண்டு வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பங்கு அந்த ஒரு இடத்தில்தான் என்று நான் சொல்வேன்.

அங்கே நான் ஆர்எஸ்ஸில் பக்கத்து சீட்டில் போனேன். முதல் சுற்றில் கோயம்புத்தூர்க்காரர் சி1-க்கு முன்னால் காலை எடுத்தார். வண்டியின் முன்பக்கம் லேசாக வெளியே நழுவியது. அடுத்த சுற்றில் காலை எடுக்கவில்லை. கூடுதல் வேகத்தில் போயும் நழுவாமல் தண்டவாளத்தில் போனது மாதிரி போனது. என் கழுத்து மட்டும் ஜன்னல் பக்கம் போய்விட்டது. இறங்கி வந்து, "பயந்தா வழுக்குதுங்க, பயப்படாமப் போனா ஒட்டுதுங்க" என்றார். மெதுவாகப் போனால் பத்திரம் என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லிக்கொடுத்ததற்கு நேர் எதிர். இந்த நம்பிக்கை வராத ஆள் ஆர்எஸ் வாங்கினால், கொடுத்த காசில் பாதி சும்மா நிற்கும்.

இனி என் தப்பு ஒன்றைச் சொல்ல வேண்டும். காலை ஆறரைக்கு நல்ல குளிர்ச்சியாக இருந்தது. இரண்டு வண்டிக்கும் காற்று பார்க்கச் சொன்னார்கள். நான் கடையில் வைக்கும் கை வழக்கத்தில் ஜிடி3-க்கு நாலு சக்கரத்திலும் 30 வைத்துவிட்டேன். ஐந்து சுற்று ஓட்டிவிட்டுத் தம்பி உள்ளே வந்தார். முகமே சரியில்லை. "அண்ணாச்சி, பின்பக்கம் சோப்பு போட்ட மாதிரி போகுது." குனிந்து கேஜை வைத்தேன், 38 காட்டியது. டயரைத் தொட்டால் கை சுட்டது. ரப்பர் இளகிப் பசையாகி, டிராக்கில் கிடந்த துணுக்குகள் எல்லாம் ஒட்டியிருந்தன, எள்ளுருண்டை மாதிரி. டயரின் நடுப்பகுதி மட்டும் பளபளவென்று தேய்ந்திருந்தது, ஓரங்கள் அவ்வளவு வேலை செய்யவே இல்லை. காற்று அதிகமாகிப் பலூன் மாதிரி நடுவில் உப்பியிருந்தால் அப்படித்தான் இருக்கும்.

டிராக்கில் காற்றைச் சூட்டுக்குத்தான் கணக்குப் போட வேண்டும். ஓடி முடித்துச் சூடாக வந்தபின் எவ்வளவு நிற்க வேண்டுமோ, அதிலிருந்து பின்னோக்கி வந்து காலையில் குறைத்து வைக்க வேண்டும். இது தெரியாதவன் இல்லை நான். கை முந்திவிட்டது. சூட்டோடு 32-க்கு இறக்கிக் கொடுத்தேன். அடுத்த ஓட்டத்தில் தம்பி சிரித்துக்கொண்டே வந்தார், நேரமும் நன்றாகக் குறைந்திருந்தது. அன்று காலையில் ஜிடி3-க்கும் ஆர்எஸ்ஸுக்கும் இருந்த இடைவெளியில் பெரும்பகுதி என் கேஜில் இருந்தது. வால்வு முனையை விரலால் அமுக்கி 'உஸ்' என்று விட்ட காற்று. இதை யாரும் வீடியோ போட மாட்டார்கள்.

மதியம் சாப்பாட்டுக்குப் பிறகு இருவரும் வண்டியை மாற்றிக்கொண்டார்கள். கோயம்புத்தூர்க்காரர் ஓட்டுவதில் கெட்டிக்காரர். அவர் கையில் ஜிடி3, தம்பி கையில் ஆர்எஸ். ஸ்டாப்வாட்ச் என்னிடம். ஜிடி3 முன்னால் வந்தது. தம்பிக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆர்எஸ் ஸ்டியரிங்கில் திருகிகள் இருக்கின்றன, ஷாக்கின் இறுக்கம், பின்சக்கரங்களுக்கு இடையே இழுவை பிரியும் அளவு எல்லாம் ஓட்டும்போதே மாற்றலாம். அவர் வளைவுக்கு வளைவு அதைத் திருகிப் பார்த்துக்கொண்டிருந்தார். "சவத்த விடும்வே, ரோட்டப் பாரும்" என்று கத்த வேண்டும் போலிருந்தது. அடுத்தவர் வண்டி, நமக்கென்ன என்று இருந்துவிட்டேன்.

நூர்பர்க்ரிங் நேரங்களிலும் இந்தச் சங்கதி உண்டு. முதலில் சொன்ன இரண்டு நேரமும் வேறு வேறு ஆள், வேறு வேறு நாள். ஆர்எஸ் ஓடிய அன்று நீளமான நேர்ப்பாதையில் எதிர்க்காற்று வேறு. 2025-இல் அதே பெர்க்மைஸ்டர், புதுப்பிக்கப்பட்ட ஜிடி3-யை அதுவும் கையால் கியர் போடும் வண்டியை ஓட்டி 6 நிமிடம் 56.294 விநாடி எடுத்தார். பழைய ஆட்டோமேட்டிக் ஜிடி3-யை விட மூன்றரை விநாடிக்கு மேல் குறைவு, குதிரைத்திறனில் மாற்றம் எதுவும் இல்லாமல். ஒரே ஓட்டுநர் என்று பார்த்தால் ஆர்எஸ்ஸோடு இருக்கும் வித்தியாசம் ஏழு விநாடியாகச் சுருங்கிவிடுகிறது. எனவே "பத்து விநாடி வேகம்" என்று எங்காவது படித்தால் யார் ஓட்டியது, எந்த வருடத்து வண்டி என்று கேளுங்கள்.

கருமத்தம்பட்டியில் 3.8 கிலோமீட்டரில் புதிய டிராக் வந்திருக்கிறது. அங்கே நான் போனதில்லை. அஜித் குமாரின் அணி 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் மூன்றாவதாக வந்தபிறகு கடைக்கு வரும் பையன்கள் எல்லாம் போர்ஷே பற்றிக் கேட்கிறார்கள். அதில் ஓடியது ஜிடி3 கப் என்ற முழுப் பந்தய வண்டி. ரோட்டில் ஓட்ட அனுமதி கிடையாது. அதை இந்த இரண்டோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

எதை வாங்கலாம் என்று யாரும் என்னிடம் கேட்கப் போவதில்லை, இருந்தாலும் என் கருத்து: டிராக் ஓட்டப் பழகுகிறவருக்கு ஜிடி3. தப்பு செய்தால் டயரும் ஸ்டியரிங்கும் நேரடியாகச் சொல்லிவிடும். மேனுவல் கியரும் கிடைக்கும், ஆர்எஸ்ஸில் அது கிடையாது. வருடத்துக்குப் பல நாள் டிராக்கில் கழிக்கிறவர், சி1 மாதிரி வளைவில் காலை எடுக்காமல் போகிறவர் என்றால் ஆர்எஸ்ஸுக்குப் போகலாம். இருங்காட்டுக்கோட்டை வெயிலில் இரண்டு வண்டிக்கும் பிரேக் ஆயிலைப் புதிதாக மாற்றிவிட்டுப் போங்கள், நல்ல கேஜ் ஒன்று கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம், ஆர்எஸ்ஸின் இன்னொரு குணம் சாயங்காலம்தான் தெரிந்தது. 911-க்கு எஞ்சின் பின்னால் இருப்பதால் பெட்டி வைக்கும் இடம் முன்னால் பானெட்டுக்குக் கீழே. ஆர்எஸ்ஸில் அந்த இடத்தில் சாய்வாக ஒரே பெரிய ரேடியேட்டரை வைத்துவிட்டார்கள், ஓரங்களில் முன் இறக்கைக்கு இடம் கிடைக்க வேண்டுமே. நெல்லை எக்ஸ்பிரஸுக்கு நேரமாகிவிட்டது. கோயம்புத்தூர்க்காரர், "வாங்கண்ணா, நானே தாம்பரத்துல எறக்கி விட்டர்றேன்" என்று கதவைத் திறந்தார். பக்கத்து சீட்டில் அவருடைய சூட்கேஸ் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. தம்பியின் ஜிடி3-யில், என் டூல் பையை முன்னால் வைத்துவிட்டு, தாம்பரம் வந்து சேர்ந்தேன்.